பொன்னிக்கு இனி கூண்டு வேண்டுமா? யீஷூன் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"எத்தனை மாசத்துல கூண்ட எடுத்துடலாம்?" சிங்கப்பூரில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள், நாய்ப் பயிற்சியாளரான என்னை முதன்முதலில் அழைக்கும்போது கேட்கும் கேள்விகளில் இது அநேகமாக இருக்கும். ஒரு மாதக் கணக்கைச் சொல்லிவிட்டால் கேட்பவருக்கு நிம்மதிதான். அந்தக் கணக்கை நம்பி நாயைத் திறந்துவிட்டு வெளியே போய், திரும்பி வந்து சோபாவைப் பார்த்துவிட்டு, மறுபடி கூண்டைப் பூட்டிய வீடுகளை நிறைய பார்த்திருக்கிறேன். பொன்னியின் வீட்டிலும் அதுதான் நடந்தது. வீட்டாரின் சம்மதத்தோடு அதை முழுமையாக எழுதுகிறேன். நாயின் பெயரையும் அடையாளம் காட்டும் சில விவரங்களையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நாயும் வீடும்

பொன்னி உள்ளூர்க் கலப்பினப் பெண் நாய். இங்கே 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாகச் சொல்வார்களே, அந்த வகை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் முன்பெல்லாம் அனுமதிப் பட்டியலில் உள்ள சிறிய இனங்களுக்குத்தான் இடம். 2012ல் வந்த அடோர் திட்டத்துக்குப் பிறகுதான் காப்பகங்களில் இருக்கும் நடுத்தர உருவ உள்ளூர் நாய்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு வர முடிந்தது. 2020ல் எடை வரம்பை எடுத்துவிட்டு உயர வரம்பை 55 சென்டிமீட்டராக ஆக்கினார்கள். இந்தத் திட்டத்தில் வரும் நாய்க்குக் கருத்தடை, மைக்ரோசிப், அடிப்படைப் பயிற்சி எல்லாம் உண்டு. அதனால் பொன்னி ஒன்றும் தெரியாத நாய் இல்லை. உட்கார், இரு, வா எல்லாம் சுத்தமாகச் செய்வாள். ஆனால் தெருவில் பிழைத்த பரம்பரை. சின்னச் சத்தத்துக்கும் காது நிமிரும், ஆள் நடமாட்டத்தை விடாமல் கவனிப்பாள். இந்தக் குணம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

வீடு, பொது நடைபாதையை ஒட்டிய நான்கறை வீடு. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அப்பாவைப் பெற்ற பாட்டியும் கூட இருக்கிறார். பாட்டிக்கு முழங்கால் வலி, கைத்தடியோடுதான் நடப்பார். வார நாள்களில் 11 மணிக்குப் பக்கத்துப் புளோக்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ப் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, 4 மணிக்குத் திரும்புவார்.

பொன்னி 5 மாதக் குட்டியாக வந்தாள். கூண்டுப் பழக்கத்தை இந்தக் குடும்பம் நன்றாகவே செய்திருந்தது. சாப்பாட்டை உள்ளே வைத்து, கதவைச் சாத்தாமல் சில நாள் விட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தி என்று பொறுமையாகப் பழக்கியிருந்தார்கள். குட்டி அழவே இல்லையாம். அவளாகவே உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள்.

தைப்பூசத்தன்று பொன்னிக்கு 10 மாதம். பால்குடம் எடுக்க எல்லாரும் சிராங்கூன் சாலைக்குப் போனார்கள். பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் முடித்து வீட்டுக்குத் திரும்ப நேரமாகும். அத்தனை நேரம் அடைத்துவைக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. "ஒரு வயசு ஆகப்போகுதே, பெரிய பிள்ளைதானே" என்று முதல் முறையாகக் கூண்டைத் திறந்துவைத்துவிட்டுக் கிளம்பினார்கள். வந்து பார்த்தால் சோபாவின் ஒரு பக்கக் கைப்பிடி பஞ்சு பஞ்சாகத் தரையில் கிடந்தது. அன்றிரவே கூண்டு மறுபடி பூட்டப்பட்டது. "இன்னும் பக்குவம் வரல" என்று முடிவு கட்டினார்கள்.

என்னை அழைத்தபோது பொன்னிக்கு 11 மாதம். காரணம் சோபா இல்லை. காலையில் அம்மா கைப்பையை எடுத்தாலே பொன்னி சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஓடி ஒளிய ஆரம்பித்திருந்தாள். மத்தியானம் 2 மணி வாக்கில் விடாமல் குரைக்கிறாள் என்று பக்கத்து வீட்டிலிருந்தும் சொல்லியிருந்தார்கள்.

பதினைந்து மணி நேரம்

முதல் சந்திப்பில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு நாளில் அவள் கதவு சாத்திய கூண்டுக்குள் எத்தனை மணி நேரம்? யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. காலை 8 மணிக்கு அப்பா கிளம்பும்போது அடைத்தால், மாலை 4 மணிக்குப் பாட்டி வந்து திறக்கும்வரை 8 மணி நேரம். பாட்டி வீட்டில் இருக்கும் காலை நேரத்திலும் அடைத்தே வைத்திருந்தார்கள், காலுக்குள் புகுந்து அவரைத் தள்ளிவிடுவாளோ என்ற பயத்தில். இரவு 11 முதல் காலை 6 வரை இன்னொரு 7 மணி நேரம். மொத்தம் 15. வளரும் வயதில் ஓடித் திரிய வேண்டிய ஒரு பிராணி, 24 மணி நேரத்தில் 15 மணி நேரம் ஒரே பெட்டிக்குள். கொடுமை செய்யும் எண்ணம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. குட்டியாக இருந்தபோது போட்ட கால அட்டவணையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணைக் கேட்டதும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. எப்படியும் இது இப்படியே போகக் கூடாது என்று அங்கேயே சொன்னேன்.

கூண்டின் அளவும் சரியில்லை. குட்டிக்கு வாங்கிய 30 அங்குலக் கம்பிக் கூண்டு. பொன்னி எழுந்து நின்றால் காது கூரையில் இடித்தது, தலையைத் தாழ்த்தித்தான் நின்றாள். கூண்டில் நாய் நிமிர்ந்து நிற்கவும் முழுசாகத் திரும்பவும் காலை நீட்டிப் படுக்கவும் முடிய வேண்டும். பெரியது ஒன்றை வாங்கலாமா என்று அப்பா கேட்டார். கொஞ்சம் பொறுங்கள், அது தேவைப்படுமா என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

கூண்டு என்ன வேலை செய்கிறது?

ஒரு வீட்டில் கூண்டு மூன்று வேலை செய்கிறது. மூன்றும் ஒரே நாளில் முடிவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் தீரும்.

ஒன்று, கழிப்பிடப் பழக்கம். படுக்கும் இடத்தை நாசம் செய்ய நாய்க்குப் பிடிக்காது, அதனால் குட்டி அடக்கிக்கொள்ளக் கற்கிறது. எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் குட்டியால் அடக்க முடியும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. குட்டிப் பருவத்தைத் தாண்டிய நாய்க்கு அந்தக் கணக்கு ஓடாது, 6 மணி நேரத்துக்கு மேல் போனாலே அதற்கு அவஸ்தைதான். பொன்னி 8 மாதத்திலேயே பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில் வைத்த தட்டில் போகப் பழகிவிட்டாள். அதாவது கூண்டின் முதல் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அதே கூண்டு தட்டுக்குப் போகவிடாமல் அவளைத் தடுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு, கடித்துக் குதறாமல் காப்பது. 4 மாத வாக்கில் பால்பற்கள் விழத் தொடங்கி, 6, 7 மாதத்தில் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். பல் முளைத்து முடிந்ததும் கடிப்பது நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. விடலைப் பருவத்தில் ஒரு புதுச் சுற்றுத் தொடங்கும். சிறிய இனங்களில் அது ஒரு வயதில் அடங்கலாம். பெரிய உடம்புள்ள நாய்களில் ஒன்றரை, இரண்டு வயதுவரை இழுக்கும். 'ஒரு வயதில் எடுத்துவிடலாம்' என்ற ஊர்ப்பேச்சு இங்கேதான் சறுக்குகிறது.

மூன்றாவதை வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை: ஓய்வு. இளம் நாய்க்கு நிறைய தூக்கம் வேண்டும். ஆனால் ஏதாவது நடந்துகொண்டிருந்தால் அது தானாகப் போய்த் தூங்காது. தூக்கம் கெட்ட நாய்தான் சாயங்காலம் தலைகால் புரியாமல் ஓடும், கையைக் கடிக்கும், செருப்பைத் தூக்கும். கூண்டு அதைக் கட்டாயமாகப் படுக்கவைக்கிறது. கூண்டை எடுக்கும்போது, நாய் தானாகப் போய்ப் படுக்கும் பழக்கம் வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

கூண்டே இல்லாமல் நாய் வளராதா என்று கேட்பவர்களும் உண்டு. வளரும். சுவீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் நாயைக் கூண்டில் அடைத்து வைக்கச் சட்டமே இடம் தருவதில்லை, அங்கேயும் குட்டிகள் நல்ல நாய்களாகத்தான் வளர்கின்றன. நான் கூண்டுக்கு எதிரி இல்லை. சின்ன வீட்டில், எல்லாரும் வேலைக்குப் போகும் குடும்பத்தில், முதல் சில மாதங்களுக்கு அது பெரிய உதவி. வேலை முடிந்தபிறகும் அதைப் பூட்டிக்கொண்டே இருப்பதுதான் என் கவலை.

முதலில் இரவு

முதல் வாரத்திலேயே இரவு நேரத்தை எடுத்துவிட்டோம். வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள், எதாவது ஆனால் சத்தம் கேட்டு எழுந்துவிடுவார்கள், பொன்னிக்கும் தனிமை இல்லை. ஆபத்து மிகக் குறைந்த நேரம் இதுதான். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பகலில் ஆள் இல்லாதபோது திறந்துவிட்டு, இரவில் 'பழக்கம் கெட்டுவிடும்' என்று அடைக்கிறார்கள்.

கதவைத் திறந்து, ஆடி மூடிக்கொள்ளாமல் ஒரு கயிற்றால் கட்டிவைத்தோம். படுக்கையறைக் கதவுகள் சாத்தியிருந்தன, சமையலறைக்கு ஒரு தடுப்பு. முதல் சில இரவுகள் பழக்கதோஷத்தில் கூண்டுக்குள்ளேயே படுத்தாள். அப்புறம் ஒரு நாள் நடு இரவில் எழுந்து, கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டு, குளியலறைக்கு வெளியே இருக்கும் வெறும் டைல்ஸ் தரையில் நான்கு காலையும் நீட்டிப் படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரவில் கூண்டுப் பக்கமே போகவில்லை. நம் ஊர் வெக்கைக்கு, கூண்டுக்குள் போட்டிருந்த தடித்த மெத்தையைவிட அந்தத் தரை எவ்வளவோ மேல். பதினைந்தில் ஏழு மணி நேரம் இப்படிக் குறைந்தது.

பாட்டி செய்த வேலை

பகல் நேரத்தை ஆராயக் கூடத்தில் ஒரு கேமரா வைக்கச் சொன்னேன். முதல் நாள் பதிவிலேயே எதிர்பாராத ஒன்று கிடைத்தது.

8 மணிக்கு அப்பா கூண்டை அடைத்துவிட்டுக் கிளம்புகிறார். மின்தூக்கி போகும்வரை பாட்டி வாசலில் நின்று பார்க்கிறார். பிறகு மெதுவாக வந்து நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுகிறார். முதலில் தான் உட்காருகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கைத்தடியின் வளைவால் தாழ்ப்பாளை இழுக்கிறார். பொன்னி வெளியே வந்து உடம்பை முறுக்கிச் சோம்பல் முறித்துவிட்டு, பாட்டியின் காலடியில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். பாட்டி பீன்ஸ் நறுக்குகிறார். 11 மணிக்குக் கொஞ்சம் முன்னால் "போடி உள்ள" என்றதும் அவள் எழுந்து உள்ளே போகிறாள், பாட்டி தாழ்ப்பாள் போடுகிறார். பல வாரங்களாக இதுதான் நடந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, கீழ விழுந்துட்டா என்ன பண்றது?" என்று சத்தம் போட்டார். பாட்டி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்: "தம்பி, வாயில்லா ஜீவன். எவ்வளவு நேரம்தான் அடைச்சு வைக்கிறது? நான் உக்காந்தப்புறம்தான் திறக்கறேன். எனக்கு முழங்கால் வலின்னு அதுக்குத் தெரியும்."

அப்பாவின் பயம் நியாயமானது. வயதானவர் ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்க நேரலாம். அதைத் தள்ளிவிட்டு நாயின் சுதந்திரத்தைப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் பாட்டி செய்தது எனக்கு ஒரு பெரிய தகவல். ஆள் பக்கத்தில் இருக்கும்போது பொன்னி மூன்று மணி நேரம் எதையும் தொடாமல், தானாகப் படுத்து ஓய்வெடுக்கிறாள். கூண்டின் மூன்றாவது வேலையும் இந்த நேரத்துக்கு முடிந்துவிட்டது என்பதற்குத் திருட்டுத்தனமாகச் சேர்ந்த சாட்சி இது. ஆள் இல்லாதபோதும் அப்படி இருப்பாளா என்பது மட்டும் இதிலிருந்து தெரியாது.

விழும் பயத்துக்கு ஒரு வழி வேண்டும். பாட்டி எழுந்து நடக்கும்போது பொன்னி தள்ளி இருந்தால் போதும். கைத்தடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் சுவரோரப் பாயில் போய்ப் படுக்க வேண்டும் என்று பழக்கினோம். தட்டு, பாயைக் காட்டு, படுத்ததும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. ஆரம்பித்து வைத்தது நான், மற்றதெல்லாம் பாட்டியே செய்தார். அவர் கையால் கோழி கிடைத்ததில் பொன்னி என்னிடம் கற்றிருக்கக்கூடியதைவிட வேகமாகக் கற்றாள். தட்டுச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் படுத்து, பாட்டி மறுபடி உட்காரும்வரை எழாமல் இருக்கிறாள் என்பதை அப்பாவே கண்ணால் பார்த்த பிறகு, காலை 8 முதல் 11 வரை கூண்டு அதிகாரபூர்வமாகத் திறந்தது.

தனியாக இருக்கும் நேரம்

மிச்சம் 11 முதல் 4 வரை. உண்மையான கேள்வி இங்கேதான். ஒரு வார இறுதியில் எல்லாரும் கீழே காப்பிக்கடைக்குப் போக, கூண்டைத் திறந்துவைத்துவிட்டுக் கைப்பேசியில் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படிப் பார்க்கும்போது முதல் அரை மணி நேரம் மிக முக்கியம். தனிமையைத் தாங்க முடியாத நாய், கதவு சாத்திய சில நிமிடங்களுக்குள்ளேயே தவிக்க ஆரம்பித்துவிடும். குறுக்கும் நெடுக்கும் நடக்கும், வெயில் இல்லாமலே மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும், ஊளையிடும். அது சேதம் செய்யும் இடமும் பெரும்பாலும் வாசற்கதவு, நிலை, கிரில் பக்கம்தான். நமக்குப் பின்னால் வந்துவிடத் துடிக்கிறது. பொழுது போகாமல் கடிக்கும் நாய் வேறு மாதிரி. அது முதலில் தூங்கும். எழுந்தபின் கையில் கிடைத்ததைக் கடிக்கும்.

பொன்னி கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், தூங்கிவிட்டாள். மறுபடி ஒரு சனிக்கிழமையும் அப்படியே. அப்படியானால் தைப்பூசத்தன்று சோபாவுக்கு என்ன ஆனது? மத்தியானம் குரைப்பது ஏன்?

விடை ஒரு வார நாளில்தான் கிடைத்தது. அம்மா விடுப்பு எடுத்துக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 2 மணிக்குச் சற்று முன்னால்வரை பொன்னி தூக்கம். தொடக்கப்பள்ளி விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம். மின்தூக்கிக் கதவு திறக்கிறது, நடைபாதையில் நான்கைந்து பேர் ஓடி வருகிறார்கள், ஒரு பையன் தண்ணீர் பாட்டிலால் வீட்டுக்கு வீடு கிரில் கம்பியைத் தட்டிக்கொண்டே போகிறான். பொன்னி துள்ளி எழுந்து சோபாவில் ஏறினாள். சோபா போட்டிருந்தது நடைபாதைப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே. கைப்பிடியில் முன்னங்காலை ஊன்றி, கண்ணாடியில் மூக்கை வைத்துக் குரைத்தாள். பிள்ளைகள் போன பிறகும் அவள் உடம்பு அடங்கவில்லை. அந்தப் பதற்றத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், காலடியில் இருந்த அதே கைப்பிடியைப் பல்லால் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

கூண்டுக்குள் அடைத்திருந்தபோதும் அவள் இதே நேரத்தில்தான் குரைத்திருக்கிறாள். சத்தம் மட்டும் கேட்கும், போய்ப் பார்க்க முடியாது. சோபா தப்பித்தது, பதற்றம் அப்படியே இருந்தது. அம்மா கைப்பையை எடுத்ததும் மேசைக்கு அடியில் ஒளிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதே மாதிரி ஒரு கேள்வியோடு ஜூரோங் வெஸ்டிலிருந்து வந்த இன்னொரு குடும்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் இந்த ஆய்வைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம். அவர்களுடையது மினியேச்சர் ஷ்னாவ்சர் என்ற சிறிய இன நாய், ஒன்பது மாதம். ஆள் போன ஐந்தே நிமிடத்தில் கூண்டுக் கம்பியைக் கடித்து ஈறில் ரத்தம், தரையைப் பிறாண்டி நகம் உடைந்து, நெஞ்சு முழுக்க எச்சில். அந்த நாய்க்கு 'இன்னும் பக்குவம் வரட்டும்' என்று காத்திருப்பதே தவறு. கூண்டை அன்றே நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். சில நாள்களுக்குத் தனியாகவே விடாதபடி வீட்டார் முறை போட்டுக்கொண்டார்கள். சாதுவான நாயை மெதுவாக வெளியே கொண்டுவரலாம். பீதியில் இருக்கும் நாயைக் கூண்டுக்குள் வைத்து எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

வீட்டை மாற்றியது

பொன்னியிடம் மாற்ற வேண்டியது குறைவு, வீட்டில் மாற்ற வேண்டியது அதிகம். சோபாவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் மட்டும் வரும்படி பனிமூட்ட ஸ்டிக்கர் ஒட்டினார் அப்பா. மின்விசிறியை ஓடவிட்டு, ரேடியோவில் ஒலி 96.8 மெதுவாகப் பாடவிட்டால் மின்தூக்கிச் சத்தம் அத்தனை கூர்மையாகக் கேட்பதில்லை. காலை நடையை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்து, அவசர அவசரமாக இழுத்துக்கொண்டு போகாமல், அவள் விருப்பத்துக்கு மோப்பம் பிடிக்கவிடச் சொன்னேன். பாட்டி 11 மணிக்குக் கிளம்பும்போது கொடுக்க, நடுவில் குழியுள்ள ரப்பர் பொம்மையில் தயிர்சாதத்தை அடைத்து உறையவைத்தார் அம்மா. உப்பில்லை, தாளிப்பில்லை, வெங்காயம் கிட்டவே வரக் கூடாது. அதை நக்கி முடிக்கவே அவளுக்கு நேரமாகும், முடித்ததும் தூக்கம் வரும்.

அப்புறம் தரையில் முட்டி போட்டு, நாயின் கண் உயரத்தில் வீட்டைப் பார்த்தோம். நம் தமிழ் வீடுகளுக்கென்று சில ஆபத்துகள் உண்டு, ஆங்கிலப் பட்டியல்களில் அவை வருவதில்லை. இந்த வீட்டில் சாமி மாடம் தாழ்வாக இருந்தது. கற்பூரம் நாய்க்கு விஷம். வாடிய பூச்சரத்தின் நாரை விழுங்கினால் குடலில் சுருண்டு அறுவை சிகிச்சைவரை போகும். துணி அலமாரியில் நாப்தலின் உருண்டை, அதுவும் விஷம். பாயசத்துக்கு வாங்கிய உலர்திராட்சை அடித்தட்டு டப்பாவில் இருந்தது. திராட்சை, உலர்திராட்சை இரண்டுமே நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. பாட்டியின் மாத்திரைப் பெட்டி முக்காலியில் கிடந்தது. எல்லாம் மேலே ஏறின, அல்லது கதவுள்ள இடத்துக்குப் போயின. சமையலறைக்குத் தடுப்பு போட்டு, பின்கட்டில் இருந்த கழிப்பிடத் தட்டைக் கூடத்து மூலைக்குக் கொண்டுவந்தோம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஐந்து மணி நேரம் ஒரு உயிரை அடக்கிக்கொள்ளச் சொல்வதைவிடத் தரையைத் துடைப்பது எளிது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

படிப்படியாக

கூடம் மட்டும், அரை மணி நேரம். அங்கிருந்து தொடங்கினோம். மகன் தேதி போட்டு ஒரு திட்டம் எழுதிக்கொண்டு வந்தான், ஆசையாகத்தான். தேதி வேண்டாம் என்றேன். வீடியோ பார்க்கச் சலிப்பாக இருந்தால் நேரத்தைக் கூட்டு, சுவாரசியமாக இருந்தால் கூட்டாதே. இதுதான் நான் அவனுக்குச் சொன்ன ஒரே விதி. நாய் தூங்குகிறது, புரண்டு படுக்கிறது, தண்ணீர் குடிக்கிறது, மறுபடி தூங்குகிறது. அப்படிப் பல நாள் பார்த்துக் கொட்டாவி வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஒரே ஒரு நல்ல நாளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. தைப்பூசத்துக்கு முன் அவர்களிடம் அந்த ஒரு நல்ல நாள்கூட இல்லை. கூண்டிலிருந்து நேராக முழு வீடு, அதுவும் கிட்டத்தட்ட முழு நாள்.

12 மாதம் முடிந்த சமயத்தில் மகனின் பள்ளிக் காலணி ஒன்று போயிற்று. அவன் அதைக் கூடத்தின் நடுவில் கழற்றிப் போட்டிருந்தான். பழையபடி அடைத்துவிடலாமா என்று அப்பா உடனே கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. ஒரு காலணிக்கு ஒரு படி பின்னால் போனால் போதும், தொடங்கிய இடத்துக்குப் போக வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு இறக்கி, காலணி அடுக்குக்குக் கதவு போட்டு, மறுபடி ஏறினோம். மதிய உணவு இடைவேளையில் அவளைப் பார்த்துவிட்டுப் போக, அதே புளோக்கில் இருக்கும் ஒரு அண்ணனுக்கு வீட்டுச் சாவி கொடுத்திருந்தார்கள். அது பெரிய உதவியாக இருந்தது.

ஏப்ரல் முதல் நவம்பர்வரை சிங்கப்பூரில் சுமத்ரா சூறைக்காற்று வரும் காலம். விடிவதற்கு முன்னாலோ காலையிலோ திடீரென்று அடித்துப் பெய்து இடி இடிக்கும். பொன்னிக்கு 13 மாதம் நடக்கையில் அப்படி ஒரு காலை. அன்று பாட்டிகூட வீட்டில் இல்லை. நான் எதிர்பார்த்தது, அவள் பழைய கூண்டுக்குள் போய்ப் பதுங்குவாள் என்று. அவள் கூண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறைக்குள் போய், வாஷிங் பேசினுக்கு அடியில் சுவரோடு சுவராக ஒட்டி, மழை விடும்வரை அங்கேயே இருந்தாள். கூண்டு ஜன்னல் பக்கம் இருந்தது, மின்னல் நேராக அதில்தான் அடித்தது. குளியலறையில் ஜன்னல் சின்னது, மூன்று பக்கமும் சுவர். அவள் தேர்வு சரியான தேர்வு. அதன்பின் குளியலறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது, தரையில் ஒரு பழைய துண்டு.

மூன்று வேலைகளும் முடிந்தன, இடிக்குக்கூட கூண்டு வேண்டாம். 15 மாதத்தில் பொன்னி 11 முதல் 4 வரை கூடத்திலும் நடைவழியிலும் தனியாகத் திறந்தே இருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் வரவில்லை.

கூண்டை விற்றுவிடலாமா என்று அம்மா கேட்டார். சின்னக் கூண்டைக் கொடுத்துவிட்டு, பொன்னி நிமிர்ந்து நிற்கும் அளவில் ஒன்றைப் பழையதாக வாங்கி மடித்து ஸ்டோர் அறையில் வையுங்கள் என்றேன். கூண்டு தேவையில்லாத நாய்க்கும் கூண்டில் அமைதியாக இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். கால்நடை மருத்துவமனையில் ஒரு இரவு தங்க நேர்ந்தாலோ, கால் அறுவை சிகிச்சைக்குப் பின் வாரக்கணக்கில் அசையாமல் வைக்கச் சொன்னாலோ, விமானத்தில் போக வேண்டி வந்தாலோ, வலியில் இருக்கும் நாய்க்கு அந்த நேரத்தில் போய்க் கூண்டைப் பழக்க முடியாது. மாதத்துக்கு ஒரு முறையாவது விரித்து, உள்ளே சாப்பாடு வைத்து, கதவைச் சாத்தி, அவள் ஒரு குட்டித் தூக்கம் போட்டதும் திறந்துவிடுகிறார்கள். ஓடி ஒளிவதெல்லாம் இப்போது இல்லை.

இடையில் மேல்மாடியில் வீடு புதுப்பிக்கும் வேலை தொடங்குவதாக மின்தூக்கிப் பக்கம் அறிவிப்பு ஒட்டினார்கள். இப்படிப்பட்ட சத்தமான வேலைகள் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை நடக்கலாம். பொன்னி தனியாக இருக்கும் நேரம் முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. சுவரை உடைக்கும் நாள்களில் அவளைத் தனியாக விட வேண்டாம் என்று முடிவு செய்தோம், கூண்டிலும் சரி, வெளியிலும் சரி. அந்த நாள்களில் பாட்டி அவளையும் மகள் வீட்டுக்குக் கூட்டிப் போனார், அந்த மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நாள்களாகப் பார்த்து. வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள், இந்த முறை சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிட்டாள்.

இப்போது பொன்னிக்கு 17 மாதம். படுக்கையறைகள் இன்னும் அவளுக்குத் திறக்கவில்லை. அடுத்தது மகனின் அறை. அவன் தரையில் கிடப்பதை எடுத்துவைக்கப் பழகினால் அடுத்த மாதமே திறக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.